ஒல்லாந்தர் படையும் தும்புக்கயிறும்

படம் பார்த்து இடியப்பம் அவிக்கலாம், சேலைகூடக் கட்டலாம். படை நடத்தக்கூடாது. (இதை எனக்குச் சொல்ல ஆளிருக்கவில்லை. இருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன்.)

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில் மரக்கறிக் கடையொன்றில் வேலைக்கு நின்ற காலம். பொங்கல் விழாவுக்கு, ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த கதையை நாடகமாகப் போட்டோம். நான்தான் ஒல்லாந்துக் கப்பித்தான், படைத்தலைவன். அந்த நேரம் பார்த்து, செவ்ரானில் எனக்குப் பேசியிருந்த பெண்ணின் தகப்பன் என்னை ‘ஒருக்கா நேரில் பார்க்க’ விழாவுக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. எனக்குள் நிஜக் கப்பித்தானே புகுந்துவிட்டான்.

சென் ஆற்றங்கரைப் பழைய புத்தகக்காரரிடம், ஒல்லாந்துச் சிப்பாய்கள் ஆயுதம் பழகும் பழங்காலச் செதுக்குப் படங்களின் பிரதிகள் கிடைத்தன. தாளுக்கு ஒரு சிப்பாய், தாளுக்கு ஒரு நிலை. பலூன் காற்சட்டை, தொப்பியில் இறகு, தோளில் துவக்கு, விரலிடுக்கில் புகையும் கயிறு. துவக்கைப் பற்றவைக்கும் அந்தக் கயிற்றைக் கண்டதும் துள்ளினேன். எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் சுருட்டுப் பற்றவைக்கத் தொங்குமே, அதே தும்புக்கயிறு!

“அண்ணை, மண்டபத்துக்குள்ள உது புகைக்குமெல்லே?” என்றான் சிப்பாயாக நடித்த ரூபன்.

“புகைக்காட்டி அவன் ஒல்லாந்தனே?”

விழா நாள். வீடு கூட்டும் தும்புத்தடிகளே துவக்காக, பற்றவைத்த கயிறுகளோடு என் படை மேடையேறியது.

“கயித்தை எடு!” எடுத்தார்கள்.

“கயித்தை ஊது!” ஊதினார்கள்.

அடுத்த கட்டளைக்கு வாயைத் திறந்தேன். முன்வரிசையில் வருங்கால மாமா, வடைத் தட்டோடு, கண்வெட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கட்டளைக்கான படம் மறந்துபோனது.

கட்டளை வராமல் எதையும் நிறுத்தக்கூடாது என்று பழக்கியதும் நான்தான். கன்னம் பூரியாக உப்ப உப்ப ஊதினார்கள். முதலில் கோட்டை மறைந்தது, பிறகு படை மறைந்தது, பிறகு அலாரம் அலறியது. சனம் முழுக்கக் குளிருக்குள் ஓடியது.

தீயணைப்புக்காரர் வந்து, “யார் இங்கே பொறுப்பு?” என்று பிரெஞ்சில் கேட்டார். ஒத்திகையில் ஒருநாளும் ஒன்றாகக் கை தூக்காத என் படை, ஒரே அசைவில் அத்தனை தும்புத்தடிகளையும் என் பக்கம் நீட்டியது.

சம்பந்தம் குழம்பிவிட்டது என்று இறகுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றேன். மாமா வடையைக் கடித்தபடி வந்தார்.

“தம்பி, உங்கட சொல்லைக் கேட்டவையாலதான் இவ்வளவு கரைச்சல். என்ர மகள் ஆரின்ர சொல்லும் கேக்கமாட்டாள். பயமில்லாமல் தரலாம்.”

தந்தார். (அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.)

இப்போதும் லா கூர்னெவ் வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கு நான் நெருப்புப் பெட்டியை எடுத்தால் போதும், மனைவி குரல் கொடுப்பாள்: “கப்பித்தான் ஊதப்போறார், சப்பாத்தைப் போடுங்கோ!” எதற்கும் பிரெஞ்சில் பதில் சொல்லும் பிள்ளைகள் இதற்கு மட்டும் “ஓம் அம்மா!” என்று பாய்வார்கள்.

மாமா வடைத் தட்டோடு வாசலில் போய் நிற்பார்.