அடிக்காத வாத்தியாரின் இடது கால்

பிள்ளைகளுக்கு இரக்கத்தைச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று நினைக்கிற ஆளைக் கண்டால் நான் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வேன். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன். அதன் பலன் என் இடது காலில் இருக்கிறது. மழைக்காலத்தில் எனக்கு முன்னால் அது விழித்துக்கொள்ளும்.

அப்போது எனக்கு இருபது வயது தாண்டியிருக்கும். அதற்குள் ஏலமலையில் மூட்டை சுமந்து காய்ச்சல் வாங்கி, குமுளியில் ஒரு சாயாக்கடையில் கிளாஸ் கழுவி, ஒரு நாடகக் கம்பெனியில் திரை இழுத்து முடித்திருந்தேன். கம்பெனி சின்னமனூரில் கலைந்தபோது திரையை ஆளுக்கொரு துண்டாகக் கிழித்துக்கொண்டோம். (எனக்கு அரண்மனைத் தூணில் பாதி கிடைத்தது. அதைத்தான் போர்த்திக்கொண்டு திரிந்தேன்.)

அந்தத் தூணோடு, தேவாரத்துக்கும் கோம்பைக்கும் நடுவே மலையடியில் இருந்த ஓர் ஊருக்குள் போய்ச் சேர்ந்தேன். சாவடிச் சுவரில் சர்க்கார் நோட்டீஸ் ஒன்று ஒட்டியிருந்தது. பசி தெரியாமல் இருக்க அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஊர் மணியக்காரர் கேட்டுவிட்டார்.

"இங்கிட்டு வாலே. கணக்குத் தெரியுமா?"

"பெருக்கல் வரைக்கும் தெரியும்யா."

"வகுத்தல்?"

"அதுக்கு முன்னாடி பள்ளிக்கூடத்த விட்டு ஓடிட்டேன்யா."

"போதும். இந்த ஊருல பங்கு பிரிக்கிறது எல்லாம் கோர்ட்டுலதான்."

இப்படி நான் வாத்தியார் ஆனேன். பழைய வாத்தியார் மலைக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தார். அவர் விட்டுப்போன சொத்து ஒரு பிரம்பும், பள்ளிக்கூடக் கொட்டகை உத்தரத்தில் தொங்கிய ஒரு கயிறும். கயிறு கோதண்டத்துக்கு. படிக்காத பையன் அதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும். கைவிட்டால் கீழே நெருஞ்சி முள். நான் ஓடிப்போனதும் அப்படி ஒரு கயிற்றுக்குப் பயந்துதான். முதல் நாளே பிரம்பை அடுப்பில் வைத்தேன். கயிற்றை அறுத்து ஊர்க் கிணற்றுக்குக் கொடுத்தேன். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, நாடகத்தில் ராஜா பேசுகிற தோரணையில் சொன்னேன்:

"இனிமே இங்கன அடி கிடையாது. தப்புப் பண்ணுனவன் தன் தண்டனைய தானே சொல்லிக்கிறணும்."

என் எண்ணம் இதுதான். தனக்குத் தானே தீர்ப்புச் சொல்கிறவன் எப்படியும் குறைத்துத்தான் சொல்வான். தன் மேல் இரக்கப்படப் பழகினால் பக்கத்தில் இருப்பவன் மேலும் இரக்கம் வந்துவிடும். வகுத்தல் தெரியாதவன் போட்ட கணக்கு.

முதலில் மாட்டியவன் மணியக்காரர் மகன் துரைப்பாண்டி. சிலேட்டைக் கொண்டுவரவில்லை.

"நாளைக்கு நான் பள்ளிக்கூடம் வரமாட்டேன்யா. அதான் எனக்குத் தண்டனை."

மறுநாள் பாதிப் பேர் மாந்தோப்பில் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர்களைத் திரட்டிக்கொண்டுவந்து சொன்னேன்: "தண்டனைன்னா வலிக்கணும்லே. எடுத்த தண்டனைய முடிக்காம உட்காரக் கூடாது."

அந்த வார்த்தையோடு எல்லாம் போயிற்று. மற்றப் பாடங்களில் எப்படியோ, வலியில் அந்தப் பிள்ளைகள் நல்ல தேர்ச்சி. வீட்டில், காட்டில், மாட்டுக்குப் பின்னால் என்று எல்லா இடத்திலும் படித்திருந்தார்கள். ஒருவன் சரளைக்கல்லில் முட்டி போட்டான். ஒருவன் தலையில் கல்லை ஏற்றிக்கொண்டு வெயிலில் நின்றான். இரண்டு பேர் தலையோடு தலை முட்டிக்கொண்டார்கள். லேசான தண்டனை எடுத்தவனை மற்றவர்கள் விடவில்லை.

"சீ, இதெல்லாம் ஒரு தண்டனையாலே? எங்கப்பா இதச் சிரிச்சுக்கிட்டே குடுப்பாரு."

நாலு நாளில் சலித்துவிடுவார்கள் என்று நான் இருந்தேன். ஊரில் வேறு, 'வாத்தியாரு கையே ஓங்க மாட்டாகளாம், பிள்ளைக அப்படியே அடங்கிக் கெடக்குதுகளாம்' என்று பேச்சு. எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. அரைத் தூணை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குள் இரண்டு சுற்று சுற்றினேன்.

அங்கே படித்த பெண் பிள்ளைகள் மொத்தமே இரண்டு. ஒருத்தி பேச்சி. ஒன்பது வயது இருக்கும். அவள் இடுப்பில் எப்போதும் தம்பி சீனி இருப்பான். மூன்று வயதுப் பிள்ளை, நல்ல கனம், ஒரு கால் வளைந்திருந்தது. அப்பா இல்லை. அம்மா ஏலத்தோட்டத்துக்கு மலை ஏறினால் வாரம் கழித்துத்தான் இறங்குவாள். பேச்சிக்கு வாய்ப்பாடு தண்ணீராய் வரும். ஆனாலும் தினமும் காலையில் வந்ததும் அவளாகவே போய் வெயிலில் நின்றுவிடுவாள், தம்பியோடு.

"ஏ புள்ள, என்ன தப்புப் பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணல வாத்தியாரய்யா."

"பின்ன என்னத்துக்கு நிக்கிற?"

"இது பழைய தப்பு."

துரைப்பாண்டி உள்ளேயிருந்து கத்தினான். "அவ பேரு காலொடிச்சி வாத்தியாரய்யா! தம்பியக் கீழ போட்டு ஒடிச்சிட்டா. அவ ஆத்தாளே அவள அப்படித்தான் கூப்பிடும்."

பேச்சி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது யாருடைய பெயரோ என்பது போல நின்றாள்.

"அவன இறக்கிவிடு ஆத்தா. நடக்கட்டும்."

"நடந்தா விழுவான்யா."

இரக்கத்தைச் சொல்லிக்கொடுக்க வந்த ஆள், "சரி சரி, நிழல்ல நில்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து பெருக்கல் நடத்தினேன்.

ஒரு நாள் மணியக்காரர், பள்ளிக்கு சர்க்கார் உதவி வாங்குவதற்காக, இன்ஸ்பெக்டரைக் கூட்டிவந்தார். எனக்குச் சொல்லவில்லை. திடீரென்று காட்டி என்னைப் பெருமைப்படுத்த எண்ணமாம். வண்டிமாட்டுச் சலங்கை கேட்டதும் எட்டிப் பார்த்தேன். வாசலில் சரளைக்கல் முழுக்க முட்டி போட்ட பிள்ளைகள். வெயிலில் தலைக்கல் வரிசை. மூலையில் தலையோடு தலை முட்டுகிற இரண்டு பேர்.

"ஏலே, எந்திரிங்கலே! உள்ள போய் உட்காருங்க!"

"இன்னும் முடியல வாத்தியாரய்யா."

"முடிஞ்சதுன்னு வச்சுக்கங்கலே!"

"அது தப்புல்ல? நீங்கதான சொன்னீக?"

(நான் சொன்னவற்றில் அவர்கள் மறக்காமல் வைத்திருந்தது அது ஒன்றுதான்.)

பேச்சி அன்றைக்கு வெயில் போதாதென்று, சுவரோரம் கவிழ்த்துப்போட்ட பழைய கல் உரலின் மேல் ஏறி ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தாள், தம்பியோடு. முகம் வெளிறிப்போயிருந்தது. காலையில் ஏதும் சாப்பிட்டிருக்க மாட்டாள். நான் ஓடிப்போய்க் கையை நீட்டினேன். அவள் பின்னுக்குச் சாய்ந்தாள். கண் சொருகியது. உரலின் மேலிருந்து அவள் சரிய, சீனி அவள் கையிலிருந்து வழுக்கினான்.

பிள்ளையைப் பிடித்துவிட்டேன். அதுவரைக்கும் சரி. ஆனால் என் இடது கால் உரலுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டியிருந்தது. உடம்பு ஒரு பக்கம் விழுந்தது, கால் வரவில்லை. காய்ந்த விறகு ஒடிகிற சத்தம் கேட்டது. முதலில் எது ஒடிந்தது என்று சுற்றிப் பார்த்தேன்.

இன்ஸ்பெக்டர் உள்ளே வரும்போது நான் மல்லாந்து கிடந்தேன், நெஞ்சின் மேல் சீனி. பேச்சி தவழ்ந்து வந்து அவன் காலைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஓய் இது? பள்ளிக்கூடமா, ஜெயிலா? வாத்தியார் எங்கே?"

துரைப்பாண்டி தலையில் இருந்த கல்லை இறக்காமலே மரியாதையாகப் பதில் சொன்னான்: "அங்கன கிடக்காக பாருங்க. அவுகளும் தண்டனை எடுத்துக்கிட்டாக சார்."

வேலை அங்கேயே போயிற்று. சர்க்கார் உதவியும் போயிற்று. எலும்பு கூடும் வரை தன் மாட்டுக்கொட்டத்தில் கிடக்க மணியக்காரர் அனுமதித்தார். கட்டு வைத்தியர் முட்டை வெள்ளையும் உளுந்தமாவும் குழைத்துப் போட்டு மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். புதிய வாத்தியார் ஒருவர் வந்தார். கிணற்றுக்குக் கொடுத்த கயிற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனதாக, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்தவன் சொன்னான்.

ஒரு நாள் சாயங்காலம் பேச்சி வந்தாள். இடுப்பில் சீனி. வாசலில் நின்றே என் காலைப் பார்த்தாள்.

"வலிக்குதாய்யா?"

"வலிக்குது."

"யாரு தள்ளிவிட்டா?"

"யாரும் தள்ளல ஆத்தா. விழுந்துட்டேன்."

"விழுந்ததுக்கு என்ன தண்டனை எடுத்துக்கிட்டீக?"

எனக்கு உடம்பெல்லாம் நோவு, எரிச்சல். நல்லதாக எதையும் யோசித்துச் சொல்லவில்லை. "அதான் வலிக்குதே. அதுக்கு மேல என்னத்துக்கு?" என்றேன்.

அவள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்: "நானும் தம்பியத் தள்ளல. தூக்கிக்கிட்டு ஓடுனேன், வழுக்கிருச்சு. எனக்கும் முட்டியில அடி."

பாவாடையைக் கொஞ்சம் தூக்கி ஒரு பழைய தழும்பைக் காட்டினாள். அதை அதுவரை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. "அட, பெரிய அடியாவுல்ல இருக்கு" என்றேன். அவள் தலையாட்டினாள். பிறகு சீனியைக் கீழே இறக்கிவிட்டு, வைக்கோல் மேல் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சீனி நொண்டி நொண்டிப் போய் கன்றுக்குட்டியின் வாலைப் பிடித்தான். ஒரு தடவை விழுந்தான். பேச்சி பாதி எழுந்தாள், அவனே எழுந்துவிட்டதைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

இருட்டுகிற நேரத்தில் கிளம்பினார்கள். கொஞ்ச தூரம் சீனி நடந்தான். அப்புறம் தூக்கிக்கொண்டாள், மறு இடுப்பில். பள்ளிக்கூடத்துக்கு அவள் பிறகு போகவில்லை. அடுத்த தடவை அவள் அம்மா மலை ஏறியபோது இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பின் எனக்கு ஒன்றும் தெரியாது. நானும் கோலை ஊன்றிக்கொண்டு தேனிப் பக்கம் இறங்கிவிட்டேன்.

கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் பிறகு வந்தன. இந்தக் கதையில் என் வீட்டாருக்குப் பிடித்தது துரைப்பாண்டி சொன்னது மட்டும்தான். நான் எங்கே தடுக்கி விழுந்தாலும் என் மனைவி அடுப்படியிலிருந்தே, "உங்கப்பா தண்டனை எடுத்துக்கிட்டாகளான்னு பாருங்கலே" என்று குரல் கொடுப்பாள். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் ஒரு நாள் என் சின்ன மகள் தண்ணீர்க் குடத்தைப் போட்டு உடைத்துவிட்டு, காலில் ரத்தத்தோடு சுவரோரம் போய் நின்றாள். என் மனைவி கையை ஓங்கிக்கொண்டு போனவள், பாதியில் நின்று அந்தக் காலையே பார்த்தாள்.

"அதான் வலிக்குதே" என்று சொல்லிவிட்டு மஞ்சள் எடுக்க உள்ளே போனாள்.