குறுக்கே மேடமும் ஜோடிச் சட்டமும்

குறுக்கே மேடம் எதிரில் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடித்த ஆண்மகன் திருத்தணி வட்டாரத்தில் இன்னும் பிறக்கவில்லை. எழுவாய் சொல்லலாம். துணிச்சல்காரர் செயப்படுபொருள்வரை போகலாம். பயனிலை வருவதற்குள், "சார், ஒரு நிமிஷம், குறுக்கால பேசறேன்" என்று ஒரு குரல் எழுந்துவிடும். அப்புறம் அந்த வாக்கியம் அவ்வளவுதான்.

எங்கள் கல்லூரியில் அவர் வேதியியல், நான் இயற்பியல். ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கல்லூரிப் பேருந்தில் ஒரே சீட். பள்ளிப்பட்டுக்காரர் என்பதால் கோபம் ஏற ஏறத் தமிழிலிருந்து தெலுங்குக்குப் போவார். கோபம் இறங்கியதும் திரும்பி வருவார். நடுவில் என்ன நடந்ததென்று கேட்டால், "ஒண்ணுமில்ல, எங்க நைனாவ நெனச்சிகினேன்" என்பார்.

ஜோடிச் சட்டம் பிறந்தது அந்தப் பேருந்தில்தான். அன்று ஆசிரியர் கூட்டத்தில் என் லேசர் ஆய்வுக்கு ஓர் இருட்டறை கேட்டிருந்தேன். "உங்களுக்கு எதுக்கும்மா இந்தத் தொல்லையெல்லாம்?" என்றார் முதல்வர். நானும், அதானே, எனக்கெதுக்கு என்பதுபோல உட்கார்ந்துவிட்டேன். பேருந்தில் ஏறியதும் குறுக்கே மேடம் பிடித்துக்கொண்டார்.

"இன்னா மேடம், உங்க கொரல் எங்க போச்சு? போன வாரம் என் லேப்ல எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடலன்னு நீங்க போட்ட சத்தத்துல வாட்ச்மேன் ஓடியாந்தாரு!"

"அது உங்களுக்காக. எனக்குன்னு கேக்க வாய் வரலங்க."

"ஆங்! அதான் சங்கதி. எனக்கும் அப்படித்தான். எனக்குன்னு கேட்டா நாக்கு ஒட்டிக்குது. அப்ப உங்களுக்கு நான் கேக்கறேன், எனக்கு நீங்க கேளுங்க. அவங்கவங்க விஷயத்துல அவங்கவங்க வாயே தொறக்கக் கூடாது."

மறுவாரமே அறிவியல் துறைப் பெண்கள் அத்தனை பேரும் ஜோடி ஜோடியாகப் பிரிக்கப்பட்டோம். விலங்கியலுக்குத் தாவரவியல், கணிதத்துக்குக் கணினி. அவருக்கு நான். அடுத்த கூட்டத்தில் என் இருட்டறையை அவர் கேட்டார். கேட்டார் என்பது மரியாதைக்காகச் சொல்வது. உடைந்த பெஞ்சுகள் அடைந்து கிடந்த அறை அன்று மாலையே காலியானது.

சட்டம் கல்லூரியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. விலங்கியல் மேடத்தின் ஜோடியான தாவரவியல் மேடம் பேறுகால விடுப்பில் போக, பொறுப்பைக் குறுக்கே மேடமே எடுத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து விலங்கியல் மேடத்தைப் பெண் பார்க்க வந்தார்கள். ஜோடி இல்லாமல் எப்படி? கனகம்மாசத்திரத்து வீட்டில் மாப்பிள்ளைக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்துகொண்டார்.

மாப்பிள்ளையின் தாயார் தொடங்கினார். "கல்யாணத்துக்கப்புறம் பொண்ணு வேலைய உட்டுட்டு…"

"ஒரு நிமிஷம்மா, குறுக்கால பேசறேன். மாப்பிள்ளை எப்ப உடறாரு?"

கேசரி வாயில் இருந்தவர்கள் விழுங்க மறந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் நிமிர்ந்து, "எனக்கு இப்பவே உட்டுடலாம்னுதான் இருக்கு" என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே விலங்கியல் மேடம் அவரைக் கட்டிக்கொண்டார். கல்யாணம் திருத்தணி மலைமேல் நடந்தது. இருவரும் இன்னும் வேலையில்தான் இருக்கிறார்கள். மாப்பிள்ளை இன்னும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பிறகு கருத்தரங்கு வந்தது. ஆண்களெல்லாம் கட்டுரை வாசிக்க, பட்டுப்புடவையில் வாசலில் நின்று பன்னீர் தெளிக்கும் பணி வழக்கம்போல எங்களுக்கு. குறுக்கே மேடம் எழுந்தார். எங்கள் எல்லாருக்காகவும் பேசிவிட்டு, பன்னீர் சொம்பைத் தம் துறையிலேயே இளையவரான ரகுபதி சாரிடம் நீட்டினார். சாது மனிதர். சொம்பை எந்தப் பக்கம் பிடிப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. சிறப்பு விருந்தினர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மேடையேறினார். "முப்பது வருஷமா நாங்க செய்யற வேலை. ஒரு நாள்ல வருமா?" என்று ரகுபதி சாரைத் தேற்றியதும் குறுக்கே மேடம்தான்.

இப்படி ஊருக்கெல்லாம் பேசியவரின் முறையும் வந்தது. வேதியியல் துறைத்தலைவர் ஓய்வு பெற்றார். அடுத்தது இவர்தான் என்பது கேன்டீனுக்குக்கூடத் தெரியும். கூட்டத்தில் முதல்வர் ரகுபதி சாரின் பெயரைச் சொன்னார்.

"மேடத்துக்கு வீட்டுல வயசான மாமியார் இருக்காங்க. பாரம் ஏத்த வேணாம்னு ஒரு நல்லெண்ணந்தான்."

எல்லாத் தலைகளும் குறுக்கே மேடம் பக்கம் திரும்பின. அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொந்த விஷயம், வாய் திறக்கக் கூடாது. பாவி மனுஷி, அன்றைக்குப் போயா சட்டத்தைக் கடைப்பிடிக்க வேண்டும்! தலைமைப் பதவி கைநழுவிக்கொண்டிருந்தது. சட்டம் வந்ததிலிருந்து அவருக்கென்று பெரிதாகப் பேச வேண்டிய தேவையே எனக்கு வந்ததில்லை. தண்ணீர் குடித்தேன். இன்னும் கொஞ்சம் குடித்தேன். முதல்வர் அடுத்த விஷயத்துக்குப் போக வாயெடுத்தார்.

"சார், ஒரு நிமிஷம். கு… குறுக்கால பேசறேன்."

சொன்னது நான்தான். எனக்கே நம்ப முடியவில்லை.

"சார், வந்து… அவங்க மாமியார அவங்க பாத்துக்கல. மாமியார்தான் இவங்களப் பாத்துக்கினு கீறாங்க. காலைல மலை ஏறி எறங்கிட்டு வந்து, வந்து, இவங்களுக்கு டிபன் கட்றதே அந்தம்மாதான். நானே தினம் துன்றேன் சார்."

சிரிப்பு எழுந்தது. முதல்வர் விடவில்லை. "மேடமே ஒண்ணும் சொல்லாம ஒத்துக்கினு இருக்காங்களே?"

"அவங்க ஒத்துக்கல சார். கட்டுப்பட்டு கீறாங்க. சீனியர் யாருன்னு மட்டும் சொல்லுங்க, நான் உக்காந்துக்கறேன்."

நான் உட்காரவில்லை. கடைசியில் ரகுபதி சார் எழுந்தார். "மேடம்தான் சார் சீனியர். எனக்கு வேணாம்" என்றார். பன்னீர் சொம்பைத் திருப்பிக் கொடுப்பவரைப்போல இரு கையையும் முன்னால் நீட்டியிருந்தார்.

அன்று மாலை பேருந்தில் கனகம்மாசத்திரம் தாண்டியதும் புதுத் துறைத்தலைவரான குறுக்கே மேடம், "எவ்ளோ 'வந்து வந்து' போடறீங்க மேடம்? கேக்க முடியல" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்ததை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

இந்த மாதக் கடைசியில் அவர் ஓய்வு பெறுகிறார். தம்மைப் பற்றித் தாம் பேசக் கூடாதென்பதால் பிரிவுபசார விழாவில் ஜோடிதான் பேசவேண்டுமாம். நேற்று வீட்டில் தனியாக நின்று சொல்லிப் பார்த்தேன். முதல் வாக்கியம் பயனிலைவரை போய் முடிந்துவிட்டது. யாரும் குறுக்கே வரவில்லை. அதற்குமேல் எனக்குப் பேச வரவில்லை, அழுகைதான் வந்தது.