மூக்குக்குச் சான்றிதழ்

அறையில் ஏதாவது வாசம் இருக்கிறதா என்று பார்க்க உலகம்மைக்கு அவசரமாக ஒரு மூக்கு தேவைப்பட்டது. அவளுடையது ஓணத்துக்கு முன்னால் வந்த காய்ச்சலோடு போய்விட்டது. வாசனைத் தைலம் தேய்த்துச் சிகிச்சை செய்து பிழைப்பவள் வெளியே சொல்லக்கூடிய சமாச்சாரமா இது? கணவன் திரவியத்தைத் தவிர யாருக்கும் தெரியாது.

இன்று அரோமாதெரபி சங்கத்திலிருந்து பரிசோதகர் வருகிறார். சங்கச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு இனி வேலை இல்லை என்று அவள் போய்வரும் கோவளம் ரிசார்ட்டில் சொல்லிவிட்டார்கள். சங்கத்தின் முதல் விதி, சிகிச்சை அறையில் எந்த வாசமும் இருக்கக் கூடாது.

"ஏங்க, ஒண்ணும் அடிக்கலேல்லா?"

திரவியம் மூச்சை இழுத்துப் பார்த்தான். "மீன் வாசம் வருது. கீழ்வீட்டு சிஜி சேச்சி அயிலை பொரிக்காங்க போல."

"ஜன்னலைச் சாத்துங்க."

சாத்தினான். உள்ளே வந்த மீன் வாசம் வெளியே போக வழியில்லாமல் தங்கிவிட்டது. பினாயில் விட்டுத் துடைத்தான். பினாயிலை விரட்டச் சாம்பிராணி போட்டான்.

"இப்போ?"

"மூணும் வருது."

உலகம்மை உட்கார்ந்துவிட்டாள். தன் வீட்டில் என்ன நாறுகிறது என்று அடுத்தவரைக் கேட்டே காலம் தள்ளுவது அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

"வெசனப்படாத. அலமாரியும் துடைச்சிட்டேன். குப்பியெல்லாம் உயரம் பாத்து அழகா அடுக்கியிருக்கேன்."

டெஸ்டில் லேபிள் பார்க்காமல் பேர் சொல்ல வேண்டும் என்பதால், எந்தத் தைலம் எந்த இடத்தில் என்று அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

"உங்கள யாரு அதைத் தொடச் சொன்னா?"

அழைப்பு மணி அடித்தது.

பரிசோதகர் ஜெயன் சிரிக்காத மனிதர். அறை நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார். "ரூம் காரியம் பின்னே சொல்லாம். முதல்ல டெஸ்ட். மேடமும் லேபிள் பாக்கக் கூடாது, நானும் பாக்கக் கூடாது. நீங்க பேர் சொல்லணும், நான் மணத்து நோக்கி சரியா தப்பான்னு சொல்லணும். அதாணு சங்கத்தோட ரூல்."

கண்ணை மூடிக்கொண்டு ஒரு குப்பியை எடுத்து, லேபிளைக் கைக்குள் மறைத்து, மூடியைத் திறந்து நீட்டினார். உலகம்மைக்குப் பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது.

"லாவெண்டர்," என்றாள் வாய்க்கு வந்தபடி.

அவர் அதைத் தன் மூக்கருகே வைத்து வெகுநேரம் நின்றார். புருவம் நெரிந்தது. ரிசார்ட் வேலை போயிற்று என்றே நினைத்தாள்.

"கரெக்ட்," என்றார்.

அடுத்ததை யூகலிப்டஸ் என்றாள். அதுவும் சரி. மூன்றாவதைச் சந்தனம் என்று தைரியமாகவே சொன்னாள்.

"கரெக்டாணு மேடம். ரூமும் பாஸ்." கைபேசி அடிக்க, அவர் பேசிக்கொண்டே மாடிப்படி இறங்கிப் போனார்.

திரவியம் மூன்று குப்பிகளையும் திருப்பிப் பார்த்தான். "ஏட்டி, லாவெண்டர்னியே, இது கிராம்பு. மத்தது புல்தைலம், எலுமிச்சை. ஒண்ணுகூடச் சரியில்ல."

"தெரிஞ்சேதான் விட்டிருக்காரு. பாவம் பாத்திருக்காரு." உலகம்மைக்குக் கண் கலங்கியது. வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. உலகத்தில் நல்லவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

யாரோ கதவைத் தட்டினார்கள். பரிசோதகரின் டிரைவர் செல்வமணி, மூக்கைத் துண்டால் பொத்தியபடி நின்றான்.

"மேடம், நீங்க பாஸாயிட்டீங்கன்னு சார் சொன்னாரு. கொஞ்சம் கீழ வந்து நம்ம வண்டிய மோந்து பாத்துச் சொல்லணும். உள்ள எலி செத்துக் கெடக்குன்னு நானும் சொல்லிட்டே இருக்கேன், சர்டிபிகேட் உள்ளவங்க சொல்லட்டும்ங்காரு. கொரோனா வந்ததுலேருந்து அவருக்கு ஒரு வாசமும் தெரியாதுல்லா."