லிட்டர் பாயும் ஒரு லிட்டர் சண்டையும்

துபாய் அல் கூஸ் பட்டறைத் தெருக்களில் நடமாடும் அத்தனை மனிதர்களையும் லிட்டரில் அளந்து வைத்திருந்த ஒரே ஆள் எங்கள் லிட்டர் பாய்தான். எங்கள் மேனேஜர் ஐந்து லிட்டர், 'ஆனா இழுவை கெடையாது, சத்தம்தான்.' மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுகிறவர் ஒன்றரை லிட்டர். கோயம்புத்தூரில் நான்கு வருடம் மெக்கானிக்கல் படித்து, முதல் வகுப்பில் தேறி, விமானம் ஏறி வந்து நின்ற என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எண்ணூறு சிசி."

அப்புறம் பதினொரு மாதம் அவரோடு ஒரே பட்டறையில் வேலை பார்த்தேன். எழுத உட்காரும்போதே வியர்க்கிறது. பாயோடு ஒரு நாளைக் கழிப்பது, ஜூன் மாத மத்தியானத்தில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் உட்கார்ந்திருப்பது மாதிரி.

காயல்பட்டினத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். இன்ஜின் கட்டுவதுதான் வேலை. சிலிண்டர் ஹெட்டில் எத்தனை மில்லி பிடிக்கிறது என்று பார்க்கக் கோடு போட்ட கண்ணாடிக் குவளை ஒன்று வைத்திருந்தார். அதே மாதிரி இன்னொன்றில்தான் டீ குடிப்பார். தொண்ணூறு மில்லி. பக்கத்து கஃபேடேரியா சேட்டன் எண்பத்தைந்து ஊற்றினால் டீ திரும்பிப் போகும். தொண்ணூற்றைந்து ஊற்றினாலும் போகும்.

"அஞ்சு மில்லி சேர்த்தித்தானுங்க பாய் இருக்குது, குடிச்சுப் போடுங்க" என்றேன் ஒருமுறை.

"கூடக் குடுக்கவன் ஒருநா கொறைச்சும் குடுப்பான் தம்பி. கொண்டு போ."

இப்படிப்பட்டவரிடம் கேட்காமல் நான் ஒரு காரியம் செய்தேன்.

ஒரு அரபு இளைஞர், முதலாளி என்ற அர்த்தத்தில் நாங்கள் 'அர்பாப்' என்று கூப்பிடும் வாடிக்கையாளர், வெள்ளை பிக்கப் டிரக்கோடு வந்தார். மணல் குன்றில் ஏற்றுவதற்கு சூப்பர்சார்ஜர் வைத்த இன்ஜின் வேண்டும். சூப்பர்சார்ஜர் என்பது இன்ஜினே பெல்ட் போட்டுச் சுற்றும் காற்றுப் பம்பு. காற்றைச் சிலிண்டருக்குள் வலுக்கட்டாயமாகத் திணிக்கும். எத்தனை லிட்டர் இன்ஜினில் அதை வைப்பது என்பதுதான் கேள்வி. அவருடைய சித்தப்பா மகனிடம் ஆறரை லிட்டர் இருக்கிறதாம். ஆகவே அர்பாபுக்கு ஏழு.

எனக்கு அப்போது சோதனைக் காலத்தில் இரண்டு மாதம் பாக்கி. மேனேஜர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: இந்த வண்டி சரியாகப் போனால் வேலை நிரந்தரம், சொதப்பினால் கோயம்புத்தூர். நான் ஒரே துள்ளலில் ஜாப் கார்டில் 'ஏழு லிட்டர்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

பாய் கார்டைப் பார்த்தார். "யாரைக் கேட்டு எழுதுன?"

"கணக்குப் போட்டுத்தானுங்க எழுதினேன். ஷீட்டு காட்டட்டுங்களா?"

"ஷீட்டைச் சுருட்டி வை. எங்க ஊரு கல்யாணத்துல சஹன் சாப்பாடு பாத்துருக்கியா? ஒரு தட்டு, சுத்தி மூணு பேரு. சோறு போடுதவன் ஒரு தட்டுக்கு இவ்வளவுதான்னு போட்டுட்டுப் போயிருவான். மூணு பேரு இடத்துல அஞ்சு பேரு உக்காந்தா? தட்டு காலி. உன் பம்புதான் சோறு போடுதவன், இன்ஜின்தான் திங்குதவன். ஆளு கூடுனா அழுத்தம் கொறையும். அஞ்சு புள்ளி மூணு லிட்டரு போதும்."

"அப்போ மூணு பேரு சோத்தை ரெண்டு பேருக்குத் திணிச்சா வாந்தி வராதுங்களா? காத்து அழுந்த அழுந்தச் சூடாகும். வெளிய நாப்பத்தஞ்சு டிகிரிங்க பாய்!"

பாய் கார்டை என் கையில் திணித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். மறுநாள் மறுபடி ஆரம்பித்தார். மூன்று வாரம் ஓடியது இந்தச் சண்டை. காலை பஸ்ஸில் அஞ்சு புள்ளி மூணு, மதியம் மெஸ்ஸில் ஏழு, சாயங்காலம் கை கழுவும் இடத்தில் மறுபடி அஞ்சு புள்ளி மூணு. பெஷாவர்க்கார வெல்டர் ஏழு லிட்டர் பக்கம். மலையாளி பெயின்டர் மட்டும், "எத்தர லிட்டராயாலும் எனிக்கு ஒரே பெயின்டாணு" என்று ஒதுங்கிக்கொண்டார். எனக்குக் கனவிலும் பிஸ்டன் வந்தது.

கடைசியில் ஒரு இன்ஜின் பிளாக் வந்து இறங்கியது. ஆறு லிட்டர், வார்ப்பிரும்பு. இதை ஏழாக்க வேண்டுமென்றால் எட்டுச் சிலிண்டரையும் குடைந்து பெரிதாக்க வேண்டும். பாய் ஒரு ரிங் ஸ்பேனரால் டொக் டொக்கென்று தட்டி, காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். ஆறாவதில் நின்றார்.

"இந்த வீட்டுல செவரு மெலிசு."

சிரித்துக்கொண்டே தடிமன் பார்க்கும் மீட்டரை எடுத்து வந்தேன். ஏழு சிலிண்டர் சரியாக இருந்தன. ஆறாவதில் ஒரு பக்கம் மெலிசு. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மெலிசுதான். பேட்டரி மாற்றியும் வைத்தேன். இதைக் குடைந்தால் காகிதம்தான் மிஞ்சும். பம்பு அழுத்தும் முதல் நாளே விரிசல் விட்டு, தண்ணீர் உள்ளே போய், இன்ஜினும் நானும் ஒன்றாகக் காலி. அர்பாப் கேட்ட தேதிக்குள் வேறு பிளாக் வரவழைக்க நாளும் இல்லை.

பாய் 'சொன்னேன்ல' என்று சொல்லவில்லை. டீ சொன்னார்.

"ஆறுலயே விட்டுருவோம் பாய்" என்றேன். "சூடும் தாங்குமுங்க, செவரும் தாங்குமுங்க."

"ம். நீயும் தோத்த, நானும் தோத்தேன். கலாஸ்."

ஆனால் ஜாப் கார்டில் ஏழு இருந்தது. மேனேஜர் அதைக் கையில் ஆட்டிக்கொண்டு வந்தார். "அளந்து பாக்காம ஏழுன்னு வாக்குக் குடுத்தது யாரு?"

என் கண்ணில் கோயம்புத்தூர் ஏர்போர்ட் தெரிந்தது.

"நான்தான் எழுதச் சொன்னேன்" என்றார் பாய், போல்ட்டைத் துடைத்தபடியே. "கைதான் அவனுது."

மேனேஜர் அரை மணி நேரம் கத்தினார். மறுவாரம் ஊருக்குப் போகவிருந்த பாயின் லீவை ஒரு மாதம் தள்ளிப் போட்டார். அவர் போனதும் பாய் என் பக்கம் குனிந்து, "அஞ்சு லிட்டரு சத்தம். கேட்டியால?" என்றார்.

அர்பாபிடமும் பாயே பேசினார். "அர்பாப், சாத் மாஃபி. சோறு ஏக், நஃபர் சியாதா, பேட் காலி." ஏழு கிடையாது, சோறு ஒன்று, ஆள் அதிகம், வயிறு காலி என்பதை அரபியும் இந்தியும் தமிழுமாக ஒரே தட்டில் போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் அர்பாபின் வீட்டிலும் பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். பாதியிலேயே புரிந்துகொண்டு சிரித்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை: '7.0' என்ற குரோம் எழுத்து ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, அதை ஒட்டியே தீர வேண்டும். ஒட்டினோம்.

ஒரு வெள்ளிக்கிழமை அர்பாபும் சித்தப்பா மகனும் வண்டிகளைக் குன்றில் ஏற்றினார்கள். நான் கீழே மணலில் உட்கார்ந்திருந்தேன். முதல் தடவை எங்கள் வண்டி முக்கால் குன்றில் புதைந்தது. சித்தப்பா மகன் உச்சியில் நின்று கை காட்டினார். டயர்க் காற்றை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டோம். இரண்டாவது தடவை ஏறியது. மூன்றாவதும் ஏறியது. அந்த மூன்றாவதில் சித்தப்பா மகனின் வண்டி பானட்டில் ஆவி விட்டுக்கொண்டு நின்றுவிட்டது. பாய்க்குப் போன் போட்டேன். யார் ஜெயித்தது என்று அவர் கேட்கவே இல்லை.

"சூடு எவ்வளவு காட்டுது?"

சொன்னேன்.

"சரி, வை."

வேலை நிரந்தரமானது. ஒரு மாதம் தாமதமாக பாய் ஊருக்குக் கிளம்பிய அன்று, அவர் பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டுக் கேட்டேன்: "இப்பவாச்சும் சொல்லுங்க பாய். நான் எத்தனை லிட்டருங்க?"

"எண்ணூறு சிசிதான். அது எப்படில கூடும்?" என்றவர், விரலை மடக்கி என் நெற்றியில் டொக் டொக்கென்று இரண்டு தட்டுத் தட்டினார். காதைக் கிட்டே கொண்டு வந்து கேட்டார். "செவரு தடிப்பு. அழுத்தம் தாங்கும்."

லீவு முடிந்து வந்தவர் ஷார்ஜாவில் வேறு பட்டறைக்குப் போய்விட்டார். அந்த டீக் குவளை மட்டும் என் டூல் பெட்டியில் தங்கிவிட்டது. நேற்று சேட்டன் அதில் தொண்ணூற்றைந்து ஊற்றிக் கொண்டு வந்தார். திருப்பி அனுப்பினேன்.