ஹாலுக்கு ஒரு குடிநீர் இணைப்பு

புத்தகம் வைக்க இரண்டு பலகை வேண்டும் என்று ஒரு குடும்பம் ஆசைப்படுவதை இந்த நாட்டில் இன்னும் யாரும் தடை செய்யவில்லை. இந்தத் தைரியத்தில்தான் 2012 கோடையில், செகந்திராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் உள்ள எங்கள் வீட்டு ஹாலில் நாங்கள் காரியத்தில் இறங்கினோம்.

நாங்கள் என்றால் என் கணவர் கிதியோன். பகலெல்லாம் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து சாஃப்ட்வேர் எழுதுகிறவர். அமெரிக்காவில் பெரிய மனிதர்கள் தண்ணீர் பைப்பைச் சுவரில் பொருத்தி, அதன்மேல் பலகை போடுகிறார்கள், அதற்கு 'இண்டஸ்ட்ரியல் லுக்' என்று பெயர், மரத்தைவிட மலிவு என்று இன்டர்நெட்டில் கண்டுபிடித்தார். அவருடைய அப்பா ஆயுசெல்லாம் ஃபேக்டரியில் உழைத்து, அந்த லுக்கைப் பார்க்காமலிருக்கத்தான் சாயங்காலம் வீட்டுக்கு ஓடி வருவார். மகனுக்கு ஃபேக்டரி ஹாலுக்கே வந்தால்தான் களைப்புத் தீருகிறது.

செகந்திராபாத் கடையில், "பாத்ரூமுக்கா, கிச்சனுக்கா சாப்?" என்று கேட்டார்கள்.

"ஹாலுக்கு."

கடைக்காரர் என்னைத்தான் பரிதாபமாகப் பார்த்தார். இவர் பைப், அதை மூலையில் வளைத்து இணைக்கும் எல்போ எல்லாம் வாங்கியதோடு நிற்காமல், நுனியில் மாட்ட ஒரு பித்தளைக் குழாயும் வாங்கினார்.

"இது எதுக்குங்க?"

"அப்பத்தான் ஆதென்டிக்கா இருக்கும், ஸ்டெஃபி."

"ஜாய்சன் தலையில விழுந்தா அதுவும் ஆதென்டிக்காத்தான் இருக்கும்."

ஜாய்சன் எங்கள் கைக்குழந்தை. அவன் பிறந்ததிலிருந்து எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். ஷெல்ஃப் விழுந்துவிடும் என்று பயந்தேன். அது விழவில்லை. அதற்குப் பதிலாக நரசிங் ராவ் வந்தார்.

மீட்டர் பார்க்க வந்தவர் ஹாலை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னதன் பேரில், குடிநீர் அலுவலகத்திலிருந்து அந்த அதிகாரி நேரில் எழுந்தருளினார். கன்டோன்மென்ட் பக்கம் வளர்ந்தவராம், நடுநடுவே உருது கலந்து தமிழ் பேசினார். பெரியவர்கள் வந்தால் எழுந்து நில், கேட்டால் உண்மையைச் சொல் என்று எனக்குக் கான்வென்ட்டில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அரசாங்கத்தின் முன்னால் இரண்டுமே ஆபத்து என்று சிஸ்டர்கள் சொல்லவில்லை.

"இது என்ன அம்மா?"

"ஷெல்ஃப் சார்."

"எதுல செஞ்சது?"

"பைப்ல."

"ஹவ், ஆமா. பைப்புன்னு நீங்களே ஒத்துக்கிட்டாச்சு. குழாயும் இருக்கு. அனுமதி இல்லாத இணைப்பு."

கிதியோன் சிரித்தபடி பித்தளைக் குழாயைத் திறந்து காட்டினார். "தண்ணியே வராது சார்!"

நரசிங் ராவ் சமையலறைக்குப் போய் அங்கிருந்த குழாயைத் திறந்தார். அதிலும் வரவில்லை.

"தண்ணி வரலைங்கறது ஆதாரமா சாப்? அப்படிப் பார்த்தா இந்தக் காலனியில யாருக்குமே இணைப்பு இல்லைன்னு ஆயிடும். அது அரசாங்கத்துக்கு அவமானம் இல்லையா?"

"இப்பவே கழட்டிடறோம் சார்," என்றேன்.

"நக்கோ நக்கோ, வேண்டாம்! அது தடயத்தை அழிக்கற குற்றம். முதல்ல இதை முறைப்படுத்தணும். முறைப்படுத்தின பிறகுதான் துண்டிக்க மனு போடலாம். இல்லாட்டி கிச்சன் இணைப்பை வெட்டிடுவோம்."

அந்தக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள், விடியற்காலையில் கொஞ்சம் தண்ணீர் வரும். குழந்தையின் கஞ்சி, குளியல், பால் பாட்டில் எல்லாம் அதில்தான். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

"கைக்கு, எதுக்கு பயப்படறீங்க அம்மா? நம்ம ஆபீஸ் இருக்குல்ல?" என்றார். அதற்குத்தான் பயம் என்று சொல்லவில்லை.

ஆகவே எங்கள் ஷெல்ஃப் சட்டப்படி குடிநீர் இணைப்பு ஆனது. ஆன மறுவாரமே வாசலில் ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றது. புது இணைப்பில் தண்ணீர் வராவிட்டால், வரும்வரை லாரியில் கொடுக்க வேண்டுமாம்.

"கிச்சன்லயும் ஒழுங்கா வரலையே சார்?" என்று போனில் கேட்டேன்.

"அது பழைய இணைப்பு அம்மா. அதுல வருதுன்னு எப்பவோ எழுதியாச்சு."

ஜாய்சனை அன்று டப்பில் உட்காரவைத்துக் குளிப்பாட்டினேன். எதிர்வீட்டு லலிதா ஆன்ட்டி, எங்கள் ஷெல்ஃபைப் பார்த்து, "கக்கூஸைக் கவுத்து வச்ச மாதிரி இருக்குடி" என்றவர், லாரியைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"அந்த எல்போ எந்தக் கடையில வாங்கினே?"

மாதக் கடைசிக்குள் காலனி முழுக்க ஹால்களில் பைப் ஏறியது. புத்தகமே இல்லாதவர்கள் டெலிபோன் டைரக்டரியை அடுக்கினார்கள். எல்லோரும் தங்களைத் தாங்களே அலுவலகத்தில் காட்டிக்கொடுத்து, அபராதம் கட்டி, இனிப்பு வழங்கினார்கள். ஒரே கோடையில் இணைப்புகளை இரட்டிப்பாக்கிய சாதனைக்காக நரசிங் ராவுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. காலனி சார்பில் மாலை போட்டோம். நானும் கை தட்டினேன்.

அத்தனை ஷெல்ஃப்களுக்கும் லாரி அனுப்பத் தண்ணீர் எங்கேயிருந்து வரும்? பழைய குழாய்களில் விடுவதை நிறுத்தித்தான் லாரியை நிரப்பினார்கள். ஒரு லாரி, முழுக் காலனி. எங்கள் முறை வருவதற்குள் அடியில் செம்மண்தான் மிச்சம். சமையலறைக் குழாய் அடியோடு நின்றுவிட்டது.

"ஷெல்ஃபைக் கழட்டிட்டா பழையபடி விடுவாங்களா?" என்று லலிதா ஆன்ட்டியிடம் கேட்டேன்.

"எல்லாரும் கழட்டினா விடுவாங்க. ஆனா நான் முதல்ல கழட்ட மாட்டேன். நீ?"

நானும் மாட்டேன். கைக்குழந்தை இருக்கிற வீடு.

கிதியோன் மட்டும் சமையலறையில் நின்று, காய்ந்துபோன பைப்பை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். தட்டிப் பார்த்தார்.

"சும்மாத்தானே இருக்கு ஸ்டெஃபி. மேல ஒரு பலகை போட்டா?"

போட்டாயிற்று. உறுதியாகத்தான் நிற்கிறது. ஜாய்சனின் பால் பாட்டில்களை அதில் வரிசையாக வைத்திருக்கிறேன், கழுவாமல்.