கொள்ளுத்தாத்தாவின் மருந்துப்பெட்டி

உலகத்துக்குப் பொதுச் சுகாதாரத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் ஜெர்மன் குடியேறிகள். சந்தேகம் இருப்பவர்கள் வால்டர் கிராமரைக் கேட்கலாம். அவர் அசல் ஜெர்மானியர். எங்கள் ஊர் ஹென்டர்சனில் பிறந்து, ஹென்டர்சனிலேயே வளர்ந்து, ஜெர்மன் மொழியில் பத்து வரை எண்ணக்கூட வராத அசல் ஜெர்மானியர்.

பசிபிக் தீவொன்று ஜெர்மனிக்குச் 'சொந்தமாக' இருந்த காலத்தில் அவருடைய கொள்ளுத்தாத்தா அங்கே டாக்டர். அவர் கட்டிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு வாசல்கள். முன்வாசல் குடியேறிகளுக்கு, பின்வாசல் தீவுக்காரர்களுக்கு. நோய்கள் வழிதவறிவிடக் கூடாதே!

இந்தத் தொலைநோக்கைப் போற்ற, சனிக்கிழமை எங்கள் சமூகக்கூடத்தில் கண்காட்சி. குழுச் செயலாளர் வரதராஜன் சார். கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதத் தெரிந்த ஒரே காரணத்தால் ஜெர்மன் பாரம்பரியம் முழுவதும் அவர் பொறுப்புக்கு வந்துவிட்டது. நான் வெற்றி, கல்லூரி மதிப்பெண்ணுக்காகத் தொண்டு செய்பவன்.

வெள்ளி மாலை, கொள்ளுத்தாத்தாவின் மருந்துப்பெட்டியைக் கண்ணாடிக்குள் வைத்து விளக்குப் போட வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்தது ஒரே பிளக். அதில் ஏதோ ஃப்ரிட்ஜ்.

"கழட்டுப்பா, வெற்றி. நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றார் சார். கழற்றினேன். பெட்டி ஜொலித்தது.

காலையில், அதே கூடத்தில் சனிக்கிழமைதோறும் தடுப்பூசி போடும் நர்ஸ் உஷா அக்கா ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ளே கைவைத்துப் பார்த்தார். வாசலில் பிள்ளைகளோடு வரிசை. அந்த வட்டாரத்தில் தட்டம்மை பரவிக்கொண்டிருந்தது.

"ஆர் இந்த பிளக்கைக் கழட்டினது?"

"கழட்டலைம்மா. தற்காலிக மறு ஒதுக்கீடு" என்றார் சார்.

"ஐயா, இருபத்திரண்டு பிள்ளையளுக்கான ஊசி. முழுக்கச் சூடேறிப் போச்சு. இனி எறியத்தான் வேணும்!"

"மின்சாரத்துக்கு நீங்க விண்ணப்பம் குடுக்கலையே?"

"இந்த ஃப்ரிட்ஜ் மூண்டு வருசமா இங்கதானே நிக்குது!"

"பெட்டி நூத்திப்பத்து வருஷமா இருக்கும்மா. சீனியாரிட்டின்னு ஒண்ணு இருக்கில்ல?"

உஷா அக்கா போனில் கெஞ்சிப் பார்த்தார். புது ஊசி அடுத்த சனிக்கிழமைதான். "அதுக்குள்ள எத்தினை பிள்ளைக்கு வருமோ" என்றபடி ஒவ்வொருவருக்கும் புதுத் திகதி எழுதத் தொடங்கினார்.

வரிசையின் முதலில், மகளைத் தோளில் சாய்த்தபடி ஒரு அப்பா. அவருடைய முன்னோர் அதே தீவுக்காரர்கள் என்று தெரிந்ததும் வால்டர் நெகிழ்ந்துபோய் அவரைப் பெட்டியருகே அழைத்துப்போனார்.

"இதில் இப்போது மருந்து இருக்கிறதா?" என்று கேட்டார் அந்த அப்பா.

"இல்லை. காலிப்பெட்டி."

"அந்த ஃப்ரிட்ஜில்?"

வால்டர், வரதராஜன் சாரைப் பார்த்தார். சார் என்னைப் பார்த்தார். நான் விளக்கைப் பார்த்தேன், நன்றாக எரிந்தது.

பத்து மணிக்குப் புகைப்படக்காரர் வந்தார். வரிசை படத்தைக் கெடுத்தது. "இவங்களைப் பின்பக்கம் அனுப்புப்பா. குப்பைத்தொட்டிகிட்ட நல்ல நிழல்" என்றார் சார். உஷா அக்கா மேசையைத் தூக்கிக்கொண்டு முன்னே போனார். தோளில் மகளோடு அவரும், பின்னால் மற்றவர்களும்.

மாலையில் மினிட்ஸ் எழுதும் பெருமை எனக்குக் கிடைத்தது. உள்ளதை உள்ளபடி எழுதினேன்:

"கண்காட்சி மாபெரும் வெற்றி. கொள்ளுத்தாத்தாவின் ஆஸ்பத்திரியை அச்சு அசலாக மீண்டும் கட்டிவிட்டோம். முன்வாசலில் குடியேறிகள், பின்வாசலில் தீவுக்காரர்கள், நடுவில் மருந்தில்லாத பெட்டி. பின்வாசல் கதவைத் திறந்துவிட மட்டும் அந்தக் காலத்தில் யார் இருந்தார்கள் என்று தெரியவில்லை. இந்த முறை நான் இருந்தேன்."