வானத்துக்குப் பந்தல் போட்டவன்

மதுரையில் பந்தல் போடாமல் ஒரு நல்ல காரியமும் நடக்காது. காது குத்தா, பந்தல். கட்சிக் கூட்டமா, பந்தல். தெருமுனையில் நீர்மோர் ஊற்றுகிறார்களா, அதற்கும் நாலு கம்பு ஊன்றி ஒரு பந்தல். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, செல்லூரில் ஃபிளெக்ஸ் கடையும் வைத்திருக்கிற ஒருவன் விண்வெளி விழாவுக்குப் பந்தல் போட்டதில் அப்படி என்ன தப்பு என்று நான் இன்றைக்கும் கேட்பதுண்டு. வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

(விழா நடந்தது வானத்தைப் பார்ப்பதற்காக. அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு எதையோ மறைத்தேன் என்று குற்றம் சொல்லக் கூடாது. வானத்தை மறைத்ததே போதும்.)

அப்போது எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெண் பெயர் மகேஸ்வரி. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். தூரத்து உறவில் எனக்கு முறைப்பெண். ஜாதகம் பொருந்திவிட்டது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சம்மதம். இன்னும் சம்மதம் சொல்லாதவர்கள் இரண்டே பேர்தான், மகேஸ்வரியும் அவள் அப்பா தவமணியும். (மற்றவர்கள் சம்மதம் எதற்கும் உதவாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.)

தவமணி பேரையூர்ப் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறவர். கிணற்றுத் தண்ணீரைப் போல வார்த்தையையும் பார்த்துப் பார்த்துத்தான் செலவழிப்பார். என்னை எப்போதும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். மதுரையில் டீக்கடைக்காரர் என்னை மாப்ள என்பார், பஸ் கண்டக்டர் மாப்ள என்பார், முகம் தெரியாதவன்கூட "மாப்ள, வண்டியக் கொஞ்சம் தள்ளி நிப்பாட்டு" என்பான். அந்த வார்த்தையைச் சொல்லவேண்டிய ஒரே ஆள் மட்டும் 'தம்பி' என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் ஒருநாள் மகேஸ்வரி கடைக்கு வந்தாள்.

"எங்க காலேஜ்ல விண்வெளி விழா நடத்துறோம். ரெண்டு நாள் கருத்தரங்கு. மொத நாள் சாயங்காலம் மைதானத்துல பொதுமக்களுக்கு ஒரு நிகழ்ச்சி. சேர், மைக்செட்டு, டிபன் இதெல்லாம் நீங்க பாத்துக்கிருவீங்களா?"

"நீ சொல்லிட்டேல்ல, ஜமாய்ச்சிருவோம்."

"ஜமாய்க்கவெல்லாம் வேணாம். ஏழேகாலுக்கு விண்வெளி நிலையம் நம்ம தலைக்கு மேல போகும். உள்ள மனுசங்க இருக்காங்க, தெரியும்ல? வெளிச்சமா ஒரு புள்ளி, மொத்தமே நாலஞ்சு நிமிசந்தான். அன்னைக்கு எங்கப்பாவக் கூட்டிட்டு வாரேன். அவருக்கு வானம்னா மழை வருதா, வரலையா, அம்புட்டுத்தான். நான் என்னத்தப் படிச்சேன், எதுக்குப் படிச்சேன்னு அவருக்கு இன்னும் விளங்கல. ஒரே ஒரு தடவ அவரு அதப் பாக்கணும். விழாவே அதுக்குத்தான்னு வச்சுக்கங்களேன்."

"நம்ம விசயம்?"

"விழா முடியட்டும். சொல்றேன்."

இதைவிடத் தெளிவாக ஒரு பெண் சொல்ல முடியாது. நான் புரிந்துகொண்டது, ஏற்பாடு பிரமாதமாக இருந்தால் கல்யாணம் என்பது மட்டும்தான்.

நேராகச் சிக்கந்தர் பாயிடம் போனேன். பாய் என் நண்பர். கீழவாசல் பக்கம் பந்தலும் சவுண்ட் சர்வீஸும் வைத்திருக்கிறார்.

"மேல ஸ்டேஷன் போகுதாம் பாய். அதுக்கு விழா."

"எந்த ஸ்டேஷன் மாப்ள? செல்லூர் ஸ்டேஷனா?"

விளக்கினேன். எனக்குத் தெரிந்த அளவுக்கு விளக்கினேன், அதாவது இரண்டு பேருக்கும் புரியாத அளவுக்கு. பாய் கண்ணை மூடி யோசித்தார்.

"வானம் சம்பந்தப்பட்ட விழால்ல? அப்பப் பந்தலுக்கு மேல்துணி ஊதாவுல போட்டுருவோம். அதுல ஜிகினா நட்சத்திரம் தைச்சுத் தொங்கவிட்டோம்னு வையி, உள்ள வாரவன் வானத்துக்குள்ள நுழைஞ்சமான்னு மலைச்சுப்போவான். இன்ஷா அல்லா, அசத்திப்புடலாம்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. எங்கள் இரண்டு பேரில் ஒருவனுக்காவது அந்த நேரத்தில் மூளை வேலை செய்திருக்கலாம். இருவரும் சேர்ந்து தெர்மகோலில் ஒரு சனிக்கிரகமும் செய்தோம். வளையத்துக்குச் சைக்கிள் ரிம்.

ஃபிளெக்ஸ் என் சொந்தத் துறை என்பதால் அதில் குறையே வைக்கவில்லை. சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற ஒரு விண்வெளி விஞ்ஞானி. அவர் தலையை எடுத்து விண்வெளி வீரர் உடம்பில் பொருத்தி, பின்னால் நிலவு, முன்னால் பாயும் காளை, மேலே 'விண்ணை அளந்த வேந்தரே வருக' என்று போட்டு நுழைவாயிலில் நிறுத்தினேன். (காளை எதற்கு என்று கேட்காதீர்கள். மதுரை ஃபிளெக்ஸில் காளை தானாக வந்து நின்றுகொள்ளும்.)

விழா நாள் முழுக்க மகேஸ்வரி கருத்தரங்க அறையிலேயே இருந்தாள். சாயங்காலம் விஞ்ஞானியை அழைத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தபோதுதான் எங்கள் கைவண்ணத்தைப் பார்த்தாள். விஞ்ஞானி ஃபிளெக்ஸ் முன்னால் நின்றுவிட்டார்.

"இது நானா?"

"நீங்கதாங்கய்யா."

"தம்பி, நான் ராக்கெட் விட்டவன். ஏறினவன் இல்லை."

மகேஸ்வரி ஃபிளெக்ஸைப் பார்க்கவில்லை. அண்ணாந்து நின்றாள்.

"இது என்னது?"

"பந்தல்."

"பந்தல்னு தெரியுது. எதுக்கு?"

"பனி விழும்ல."

அவள் பந்தலை ஒரு தரம் பார்த்தாள், என்னை ஒரு தரம் பார்த்தாள். எதை முதலில் பிரிப்பது என்று யோசித்திருப்பாள் போல. பிறகு பெருமூச்சு விட்டுச் சொன்னாள்: "சரி. வரவேற்புரைய ரெண்டே வார்த்தையில முடிச்சுட்டு, ஏழு மணிக்கெல்லாம் எல்லாரையும் வெளிய மைதானத்துக்கு நடத்திருவோம்."

நல்ல திட்டம். அதில் ஒரே ஒரு ஓட்டைதான். வரவேற்புரை சொல்லவேண்டிய பேராசிரியருக்குத் தொண்டை கட்டிவிட்டது. மைக் டெஸ்டிங் செய்துகொண்டிருந்த என் கையில் மைக் இருந்தது. ஆடுகிற காலும் பாடுகிற வாயும் சும்மா இருக்காது என்பார்கள். எனக்கு ஆடவும் வராது, பாடவும் வராது, அதனால் மொத்தமும் பேச்சில் போய்ச் சேர்ந்துவிட்டது. அது மட்டுமா? முதல் வரிசையில், நடு நாற்காலியில், வெள்ளை வேட்டியோடு தவமணி உட்கார்ந்திருந்தார். இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் ஏது?

ஆரம்பித்தேன். விண்ணை அளந்த வேந்தர் அவர்களே என்றேன். முதல்வர் அவர்களே, துறைத்தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருந்தகைகளே என்றேன். பெயர் தெரிந்தவர்களைப் பெயர் சொல்லியும், பெயர் தெரியாதவர்களைச் சட்டை நிறம் சொல்லியும் வரவேற்றேன். வந்தவர்கள் தீர்ந்துபோனதும் வேலை காரணமாக வர இயலாதவர்களை வரவேற்றேன். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. பொன்னாடை போர்த்தியவருக்கு ஒரு பொன்னாடை. நடுவில் தவமணி எழுந்து, போனைக் காதில் வைத்தபடி வெளியே போனதைக் கவனித்தேன். வந்துவிடுவார் என்று நினைத்து, அவர் வருகிற வரைக்கும் தாக்குப்பிடிக்கலாம் என்று பேச்சை இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

அப்போது கீழே நின்ற மகேஸ்வரி கையை உயர்த்தி மேலே காட்டினாள். சத்தம் போதவில்லை என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். சிக்கந்தர் பாய்க்குச் சைகை காட்டினேன், பாய் ஒலியைக் கூட்டினார். மகேஸ்வரி இரண்டு கையாலும் மேலே காட்டினாள். மறுபடியும் கூட்டினார். அவள் குதித்துக் குதித்துக் காட்டினாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அடடா, கூரையில் தொங்கும் நட்சத்திரங்களைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே!

"அன்பான பெரியோர்களே! எல்லோரும் ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள்!"

ஊரே அண்ணாந்து பார்த்தது. ஊதாத் துணி. ஜிகினா நட்சத்திரம். சனிக்கிரகம் காற்றில் லேசாக ஆடியது. கைதட்டல் காதைப் பிளந்தது. மேடையில் இருந்த விஞ்ஞானி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ஏனென்றால் சரியாக அந்த நேரத்தில், அந்தத் துணிக்கு நேர் மேலே, மனிதர்களை ஏற்றிக்கொண்டு விண்வெளி நிலையம் போய்க்கொண்டிருந்தது. கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். தெய்வம் அன்றைக்கு ஒழுங்காகத்தான் கொடுத்தது. சிக்கந்தர் பாய் துணியை இழுத்துக் கட்டியிருந்த இறுக்கத்தில் அதனால் பிய்க்க முடியவில்லை.

மகேஸ்வரி மேடையேறி மைக்கைப் பிடுங்கினாள்.

"எல்லாரும் சீக்கிரம் வெளிய வாங்க!"

மதுரையில் ஒரு விழாவில் மைக்கில் இப்படிச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பந்தி ஆரம்பித்துவிட்டது. மொத்தக் கூட்டமும் எழுந்து, சைடு துணியைத் தூக்கிக்கொண்டு, டிபன் போட்டிருந்த பக்கம் ஓடியது. அங்கே தகரக் கூரை. அவர்களை அங்கிருந்து கிளப்பி மைதானத்துக்குக் கொண்டுவந்தபோது எல்லோர் கையிலும் கேசரி இருந்தது. வானத்தில் ஒன்றும் இல்லை.

விஞ்ஞானி நல்ல மனிதர். என் தோளில் தட்டினார். "கவலைப்படாதீங்க தம்பி. அது ஒன்றரை மணி நேரத்துல பூமியை ஒரு சுத்து சுத்திரும். நம்ம ஊர்ல கண்ணுக்குத் தெரியிறது இனி நாளைக்குச் சாயங்காலம்."

"அப்ப அது வர்ற வரைக்கும் நான் பேசட்டுங்களாய்யா?"

அவர் இரண்டு கையையும் கூப்பினார்.

மகேஸ்வரி மைதானத்தின் ஓரத்தில் தனியாக நின்றிருந்தாள். பக்கத்தில் போனேன். திரும்பாமலே சொன்னாள்.

"போயிருச்சு. எங்கப்பாவும் போயிட்டாரு. நீங்க பேச ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே தோட்டத்துல இருந்து போனுன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. இம்புட்டும் யாருக்காகச் செஞ்சேன்?"

கண் கலங்கியிருந்தாள். அவள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு விஷயம், அதை ஊதாத் துணி போட்டு மூடியிருக்கிறேன். அவ்வளவு வெட்கப்பட்டு நான் அதற்கு முன்னும் நின்றதில்லை, பின்னும் நின்றதில்லை. கல்யாணம் போனது போனதுதான் என்று தெரிந்துவிட்டது.

அப்போது வண்டிகள் நிறுத்தியிருந்த பக்கமிருந்து தவமணி மெதுவாக நடந்து வந்தார். பார்வை இன்னும் மேலேயே இருந்தது.

"ஏம்மா, மேக்கருந்து கெழக்க ஒரு வெளிச்சம் போச்சே. சத்தமே இல்ல, கண்ணுஞ் சிமிட்டல. அதேன் நீ சொன்னதா?"

மகேஸ்வரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, நீங்க பாத்தீங்களா?"

"மறையிற வரைக்கும் பாத்தேன். உள்ள மனுசங்க இருக்காங்கன்னேல்ல? நமக்கு இங்க மழை எறங்குனா அவுங்களுக்கு அங்கருந்து தெரியுமா?"

"மேகமெல்லாம் அவங்களுக்குக் கீழதாம்ப்பா கெடக்கும். எல்லாம் தெரியும்."

தவமணி இன்னொரு தரம் அண்ணாந்து பார்த்தார். "அப்ப நல்ல படிப்புத்தேன்" என்றார்.

மகேஸ்வரி அழுகையும் சிரிப்புமாக நின்றாள். அவர் என் பக்கம் திரும்பினார். நான் கீழே பார்த்தேன்.

"போனும் வரல, ஒண்ணும் வரல. இவரு பேச்சுத் தாங்க முடியலம்மா, அதேன் காத்தாட வெளிய வந்தேன். ரெண்டு வார்த்தையில முடிச்சிருந்தாருன்னு வையி, இம்புட்டுக் கூட்டத்துல எவன் முதுகையோ பாத்துக்கிட்டு நின்னுருப்பேன்." பிறகு, இயல்பாக, வேறெதையோ கேட்பதுபோலக் கேட்டார்: "மாப்ள, நீங்க சாப்பிட்டீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். மகேஸ்வரி கையைக் காட்டி நிறுத்தினாள். "அவரு சொல்லிட்டாரு. நான் இன்னும் சொல்லல. மொதல்ல போய்ப் பந்தலப் பிரிங்க."

நானும் பாயுமாகப் பிரித்தோம். மறுநாள் சாயங்காலம் அதே மைதானம். பந்தல் இல்லை, விளக்கு இல்லை, மைக் இல்லை. நான் ஒரு மூலையில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். விண்வெளி நிலையம் மறுபடியும் வந்தது. வந்திருந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். அது கிழக்கே மறைந்ததும் மகேஸ்வரி என் பக்கம் திரும்பி "சரி" என்றாள். எதற்குச் சரி என்று விளக்கம் கேட்காமல் இருந்தேன் பாருங்கள், என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய புத்திசாலித்தனம் அதுதான்.

கல்யாணத்துக்குப் பேரையூரில் பந்தல் போட வந்த சிக்கந்தர் பாயை மாமனார் தனியாகக் கூப்பிட்டார். "பாய், நடுவுல ஒரு எடம் தெறந்து விட்டுருங்க. மாப்ள மைக்கப் புடிச்சிட்டாருன்னா சனங்களுக்கு வானமாச்சும் தெரியட்டும்." அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் பந்தலில் ஒரு ஓட்டை உண்டு. வெளியூர்க்காரர்கள் ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். நான் வீட்டில் ஒரு கதையை ஆரம்பித்தால் போதும், மகள் "பந்தலப் பிரிங்கப்பா" என்பாள்.

அவளுடைய காது குத்தும் பேரையூரில்தான் நடந்தது. அந்த வருஷம் மழை சுத்தமாக ஏமாற்றியிருந்தது. நான் வழக்கம்போல் மைக்கைப் பிடித்து, பெரியோர்களே, தாய்மாமன்களே என்று வரவேற்றுக்கொண்டிருந்தேன். ஓட்டைக்கு நேர் கீழே நின்றதால் முதல் துளி என் மண்டையில்தான் விழுந்தது. இரண்டாவது மைக்கில். பிறகு கொட்ட ஆரம்பித்தது. நான் நனைந்துகொண்டே நன்றி வணக்கம் சொல்லப் போனபோது, முதல் வரிசையிலிருந்து மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"நிப்பாட்டாதீங்க மாப்ள! நீங்க பேசுனாத்தேன் மேல ஏதாச்சும் வருது!"